மாதவிடாய் முற்றுப்பெற்றபின் தோன்றும் உதிரப்போக்கு

பெண்ணின் சூலகங்கள் முதிர்ந்து தம் பணியை நிறுத்திக்கொள்ளும் பருவத்தில் மாதந்தோறும் நிகழ்ந்துவந்த உதிரப்போக்கும் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக விடாய் வாராதிருப்பின், மாதவிடாய் முற்றுப்பெற்றது என்று மருத்துவர் கொள்வர். மேனாட்டுப் பெண்களிடையே இது ஏறத்தாழ 51ஆம் வயதில் நிகழ்கிறது. நம் நாட்டிலோ சராசரியாக 46 அல்லது 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இவ்வெல்லையைக் கடந்த ஒரு பெண்ணுக்கு, ஈராண்டு கழித்தோ இருபதாண்டு கழித்தோ, மீண்டும் உதிரம் காணப்படுமாயின் அதை இயல்பு என்று கருதுவதற்கு இடமே இல்லை. அளவு எவ்வளவு என்பது பொருட்டன்று. ஆடையில் பட்ட ஒரு கறையும், இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ வரும் கசிவும் உதிரப்போக்கே ஆகும்.

இதில் இரு கணக்குகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, இவ்வாறு உதிரம் கண்ட பெண்களில் நூற்றுக்கு 9 பேர் அளவிலேயே கருப்பை உட்படலப் புற்றுநோய் இருந்தது. எஞ்சியோரில் பெரும்பாலாருக்குக் காரணம் தீங்கற்றது. ஆனால், அக்கணக்கையே மறுபுறமிருந்து நோக்கினால், அப்புற்றுநோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 90 பேருக்கு உதிரப்போக்கு முன்னரே தோன்றியிருந்தது. உடலின் உள்ளே மறைந்து வளரும் புற்றுநோய்களுள் இத்துணை வெளிப்படையாகத் தன்னை அறிவிப்பவை மிகச் சிலவே. முதல் கணக்கு அச்சத்தைத் தணிக்கிறது. இரண்டாவது கணக்கு காலந்தாழ்த்தலாகாது என்கிறது. களப்பணியாளர் ஒருவர் ஒரு மூதாட்டியிடம் பேசும்பொழுது இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லவேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் சொன்னால், அவர் அஞ்சி ஒளிவார். அல்லது அலட்சியமாக இருந்துவிடுவார்.

திருவனந்தபுரத்தில் இப்பிரச்சினை

முதியோர் தொகை மிகுந்த மாநிலம் கேரளம். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி அங்கு 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.6 பேர், நாடு முழுவதற்கும் அக்கணக்கு 8.6 மட்டுமே. முதியோருள் பெண்களே மிகுதி. ஆகவே மாதவிடாய் முற்றுப்பெற்றபின் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும் பெண்கள் அங்கு ஏராளமானோர் உளர். நம் நாட்டின் பிற பகுதிகள் நாளை காணப்போகும் நிலையைத் திருவனந்தபுரம் இன்றே காண்கிறது என்று கூறலாம்.

மாதர் மருத்துவத்தில் இந்நகருக்கு நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று திரும்பிய மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் 1916ஆம் ஆண்டில் தைக்காட்டிலுள்ள பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் பணி ஏற்றார். 1938இல் திருவிதாங்கூர் அரசின் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். 1951இல் மருத்துவக் கல்லூரியும், அதை அடுத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையும் தோன்றின. எஸ்.ஏ.டி. என்று மக்கள் அழைப்பது இதனையே. அதே வளாகத்தில் 1981ஆம் ஆண்டில் மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டது. டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் தொடங்கிய காலத்திலேயே, சண்டிகர், திப்ருகர் ஆகிய இடங்களுடன் திருவனந்தபுரத்திலும் மருத்துவமனைப் பதிவேடு ஏற்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இன்றும் நோயாளிகள் களியக்காவிளையைக் கடந்து இம்மருத்துவமனைகளை நாடி வருகின்றனர்.

பதிவேடுகள் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இந்நாட்டுப் பெண்களின் பிறப்புறுப்புப் புற்றுநோய் என்றாலே கருப்பை வாய்ப் புற்றுநோய்தான். கேரளத்தில் கல்வி பெருகி, திருமண வயது உயர்ந்து, மகப்பேறு குறைந்ததும் இந்நோய் வெகுவாகத் தணிந்தது. மாறாக, கருப்பையின் உடற்பகுதியில், அதாவது உட்படலத்தில், தோன்றும் புற்றுநோய் ஏறிவருகிறது. வறுமையோடும் இளவயது மணத்தோடும் இணைந்த நோய் இறங்க, வளத்தோடும் உடற்பருமனோடும் இணைந்த நோய் ஏறுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், கேரளத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் மிகை எடை உடையவராகக் காணப்பட்டனர் என்பதை இங்குக் கருதவேண்டும்.

பருமனுக்கும் கருப்பைக்கும் என்ன தொடர்பு? சூலகம் ஓய்ந்தபின்னும் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜென் முற்றிலும் அற்றுப்போவதில்லை. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளும் முதிய சூலகமும் ஆண் தன்மையுள்ள சில ஹார்மோன்களைச் சிறிதளவு சுரக்கின்றன. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்னும் நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜெனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் இம்மாற்றமும் மிகும். இளமையில் ஈஸ்ட்ரோஜென் கருப்பையின் உட்படலத்தை வளர்க்க, புரோஜெஸ்ட்ரோன் அவ்வளர்ச்சிக்கு ஒரு தடை இட்டு, மாத முடிவில் அதனை உதிரச்செய்தது. மாதவிடாய் முற்றுப்பெற்றபின் தடையிடும் ஹார்மோன் இல்லை. தூண்டும் ஹார்மோன் மட்டும் எஞ்சி நிற்கிறது. படலம் ஆண்டுக்கணக்கில் தூண்டப்பட்டு, முதலில் மிகைவளர்ச்சி அடைந்து, சிலரிடம் புற்றாக மாறுகிறது. நீரிழிவு, மகப்பேறின்மை, 55 வயதுக்குமேல் தாமதமாக விடாய் நிற்றல் ஆகியவையும் ஆபத்தை உயர்த்துவனவாம்.

காரணங்கள் யாவை

மிகச் சாதாரணமான காரணம் படலத்தின் நலிவே. ஈஸ்ட்ரோஜென் குறைந்ததால் யோனியின் சுவரும் கருப்பையின் உட்படலமும் மெலிந்து, உலர்ந்து, சிறு உராய்விலும் கசிகின்றன. பருமனான உடலில் ஹார்மோன் மிகையால் உதிரம். மெலிந்த உடலில் ஹார்மோன் குறைவால் உதிரம். ஒரே அறிகுறி இரண்டு எதிரான நிலைகளிலிருந்து வருவதால்தான், வெளித்தோற்றத்தைக் கொண்டு காரணத்தை ஊகிக்க முடிவதில்லை.

பாலிப் எனப்படும் காம்புடைய சதைவளர்ச்சிகள் அடுத்து வருவன. இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆயினும் உதிரப்போக்குள்ள முதியவரிடம் காணப்படும் பாலிப்பை அகற்றிச் சோதிப்பதே முறை. மிகைவளர்ச்சியில் இருவகை உண்டு. உயிரணுக்களின் உருவம் மாறாத வகையில், இருபது ஆண்டுகளில்கூட நூற்றுக்கு ஐவருக்குக் குறைவாகவே புற்றுநோய் உண்டாகிறது. உயிரணுக்கள் உருமாறிய வகையிலோ, கருப்பையை அகற்றிச் சோதிக்கும்பொழுது நான்கில் ஒருவர் அல்லது அதற்கும் மேற்பட்டோரிடம் புற்றுநோய் ஏற்கெனவே தோன்றியிருப்பதைக் காண்கின்றனர்.

நம் நாட்டு நிலைமைக்குரிய சில காரணங்களை மேனாட்டுப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். கருப்பை இறக்கம் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தால், வெளியே தள்ளிய பகுதி ஆடையில் உராய்ந்து புண்ணாகி உதிரம் கசியும். இறக்கத்தைத் தாங்குவதற்கென்று பல்லாண்டுகளுக்குமுன் வைத்த வளையத்தை மறந்துவிட்டவர்களும் உளர். அவ்வளையம் சுவரை அரித்துப் புண்ணாக்கும். கருப்பை வாய் சுருங்கி அடைபட்டு உள்ளே சீழ் தேங்குவதும் உண்டு. அப்பொழுது துர்நாற்றமுள்ள, உதிரம் கலந்த கசிவு தோன்றும். சீழைக் கண்டதும் கிருமித்தொற்று என்று மருந்து கொடுத்து நிறுத்திக்கொள்வது தவறு. அடைப்புக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கலாம். அரிதாகக் காசநோயும் கருப்பையில் குடிகொள்ளும். கருப்பை வாய்ப் புற்றுநோய் கேரளத்தில் குறைந்திருப்பினும், இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுக்கு அடுத்த இடத்தில் இன்றும் நிற்பது அதுவே. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடைபெற்று 2007இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி வெறுங்கண்ணால் பார்க்கும் எளிய சோதனையே இந்நோயால் நேரும் இறப்பை நூற்றுக்கு 35 அளவு குறைத்ததைக் காட்டிற்று. அவ்வாய்வில் சேர்க்கப்பட்டோர் 30 முதல் 59 வயதுவரை உள்ளவர். எழுபது வயது மூதாட்டி எந்தச் சோதனை முகாமின் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவருக்கு உதிரப்போக்கு என்னும் அறிகுறி ஒன்றே முகாம்.

மருந்துகளாலும் இது நேரும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தபின் பல பெண்கள் டமாக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உட்கொள்கின்றனர். மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜெனைத் தடுக்கும் இம்மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரோஜெனைப்போலவே செயற்படுகிறது. பாலிப்புகளும், முதியவரிடம் உட்படலப் புற்றுநோயும் இதனால் மிகுகின்றன. திருவனந்தபுரத்துப் பெண்களின் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெறுவதால், இம்மாத்திரையை உட்கொள்வோர் அநேகமாக ஒவ்வொரு ஊராட்சியிலும் இருப்பர். மருந்தால் விளையும் நன்மை பெரிது. உதிரம் கண்டதும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடலாகாது, மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். இதயநோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்துகளும் உதிரத்தைத் தூண்டலாம். ஆயினும் அம்மருந்தின்மீது பழியைப் போட்டுவிட்டு ஆய்வைக் கைவிடுவதை நான் ஏற்பதற்கில்லை. உறையாமை மருந்து பல நேரங்களில் உள்ளிருந்த பாலிப்பையோ புற்றையோ வெளிக்காட்டும் கருவியாகவே அமைகிறது.

காரணத்தை அறியும் முறை

முதற்கண் அந்த உதிரம் எங்கிருந்து வருகிறது என்பதையே தீர்மானிக்கவேண்டும். சிறுநீரிலும் மலத்துடனும் வரும் உதிரத்தைப் பெண்கள் பலர் பிரித்தறிவதில்லை. மூலநோய், சிறுநீர்த் துளையருகே தோன்றும் சிறு சிவந்த கட்டி, சிறுநீர்ப்பைப் புற்று ஆகியவை இவ்வாறு மயக்கம் தரும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. ஸ்பெக்குலம் என்னும் விரிகருவியைச் செலுத்தி யோனியையும் கருப்பை வாயையும் நேரே காண்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயல்வதும் இதுவே. வருந்தத்தக்க உண்மை யாதெனில், நேரே கேளா ஒலிப் படத்திற்கு அனுப்பிவிட்டு இந்த இரண்டு நிமிடப் பரிசோதனையைத் தவிர்ப்பது இன்று பெருகிவருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் படத்தில் தெரியாமல் போகலாம். கண்ணுக்குத் தப்புவது அரிது.

கேளா ஒலியின் பயன் உட்படலத்தின் தடிப்பை அளப்பதிலே உள்ளது. வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதைவிட யோனி வழியாகச் செலுத்தும் கருவியே துல்லியமானது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் மருத்துவமனைகள் கூடி 1168 பெண்களை ஆராய்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டன. நலிந்த படலத்தின் சராசரித் தடிப்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்; புற்றுநோய் கண்ட படலத்தின் சராசரி 21 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்புள்ள எவரிடமும் அவ்வாய்வில் புற்றுநோய் காணப்படவில்லை. அன்றுமுதல், முதன்முறையாக உதிரம் கண்ட பெண்ணுக்குத் தடிப்பு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆயின் உடனே திசு எடுக்கவேண்டுவதில்லை என்னும் வழக்கம் பரவிற்று. இவ்வாறு உள்ளவர்களில் புற்றுநோய் இருப்பது நூற்றுக்கு ஒருவரினும் குறைவு.

இவ்வெண்ணை வேதவாக்காகக் கொள்வதும் கூடாது. புற்றுநோயின் ஒரு வகை, ஈஸ்ட்ரோஜென் தூண்டலின்றி, நலிந்த படலத்திலேயே தோன்றுவது, அது தீவிரமானதும்கூட. மெல்லிய படலத்தைக் கண்டு ஆறுதல் கூறி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு உதிரம் மறுபடியும் தோன்றுமாயின், அளவு எதுவாயினும் திசு எடுத்தே ஆகவேண்டும். படலத்தைத் தெளிவாகக் காண இயலாதபொழுதும், டமாக்சிஃபென் உட்கொள்வோரிடமும் இவ்வெண் பயன்படுவதில்லை. அம்மருந்து படலத்தின் அடித்தளத்தை வீங்கச்செய்து அளவை ஏமாற்றும். உதிரப்போக்கே இல்லாத பெண்ணிடம் வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் படலம் 5 மில்லிமீட்டர் என்று தெரிந்து, அதற்காக அவரை அறுவைக்கு உட்படுத்துவது மற்றொரு பிழை. 4 மில்லிமீட்டர் என்னும் எல்லை உதிரம் கண்டோருக்காக ஏற்பட்டது.

திசு எடுப்பதில் பழைய முறை, மயக்கமருந்து கொடுத்துக் கருப்பை வாயை விரித்துச் சுரண்டி எடுத்தல். இது நூறாண்டுக்கு மேலாக வழங்கிவந்த முறையாயினும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலையே ஆகும். சுரண்டிய கருப்பைகளை உடனே அறுத்தெடுத்துச் சோதித்த 1975ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அவற்றுள் நூற்றுக்கு 60 அளவில் உட்பரப்பின் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்பது வெளிப்பட்டது. இன்று, சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் குழல் ஒன்றைச் செலுத்தி, உட்தண்டை இழுத்து, உறிஞ்சும் விசையால் திசுவைப் பெறுகின்றனர். பைப்பெல் எனப்படும் இக்கருவிக்கு மயக்கமருந்து வேண்டுவதில்லை. புறநோயாளர் பகுதியிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். படலம் முழுவதும் பரவிய புற்றை இது அநேகமாகத் தவறவிடுவதில்லை. ஒரு மூலையில் மட்டும் உள்ள பாலிப்பையோ சிறு கட்டியையோ தவறவிடலாம். ஐயம் நீடித்தால், மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திக் கருப்பையின் அறையை நேரே கண்டு, ஐயத்திற்குரிய இடத்திலிருந்தே திசுவை எடுப்பர். போதிய திசு கிடைக்கவில்லை என்று சோதனைச்சாலை எழுதினால், அது நோயில்லை என்னும் சான்றிதழ் ஆகாது.

கருப்பை வாய்ச் சுவடெடுப்பு, அதாவது பாப் சோதனை, இவ்விடத்தில் பெருங்குழப்பத்தை விளைவிப்பது. அது கருப்பை வாயின் நோயைக் கண்டறிய அமைந்தது. உள்ளிருக்கும் படலத்தின் புற்றுநோயில் பாதிக்குமேல் அதற்குத் தப்பிவிடக்கூடும். ‘பாப் சரியாக இருக்கிறது’ என்னும் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் உதிரத்தோடு காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் தாள் நன்மை செய்யவில்லை.

களத்தில் செய்யத்தக்கன

இவ்வளவும் மருத்துவமனையில் நடப்பவை. அந்த வாயிலுக்கு அப்பெண் வந்துசேரும்வரை கழியும் மாதங்களே பெரும்பாலும் அவர் விதியைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்கக் கணக்கின்படி, கருப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்கு அப்பாலும் வாழ்கின்றனர். தொலைவுறுப்புகளுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டோரில் ஐந்தில் ஒருவர் அளவே. முதல் நிலையில், கருப்பையையும் சூலகங்களையும் அகற்றும் ஓர் அறுவையே பலருக்கு முழுச் சிகிச்சையாக முடிந்துவிடுகிறது.

தாமதத்துக்குக் காரணம் அறியாமை ஒன்றே அன்று. பேரக்குழந்தைகள் உள்ள வீட்டில், ‘எனக்கு மறுபடியும் தீட்டு வந்துவிட்டது’ என்று மருமகளிடம் சொல்ல நாணுகிறார் ஒரு பாட்டி. கைம்பெண்ணாயின் பிறர் என்ன நினைப்பரோ என்னும் அச்சமும் சேர்கிறது. பழைய துணியை அலசி யாரும் காணாத இடத்தில் உலர்த்திவிட்டு, உடம்புச் சூடு என்று தமக்குள் சமாதானம் செய்துகொள்கிறார். ஆகவே, ‘உதிரம் போகிறதா?’ என்று நேரே கேட்டால் ‘இல்லை’ என்னும் விடையே வரும். ‘அம்மா, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு ஆயிற்று? அதன்பின் துணியில் கறை ஏதேனும் பட்டதுண்டா?’ என்று வினவினால் உண்மை வெளிப்படும். ஆஷா பணியாளரும் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியரும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து கொடுக்க வீடுதோறும் செல்கின்றனர். அவர்கள் சந்திக்கும் அப்பெண்களே இந்நோய்க்கு ஆட்படத்தக்கவர்கள் என்பதால், இவ்விரு கேள்விகளையும் அவ்வேளையிலேயே கேட்டுவிடலாம். தனி முகாம் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. கேரளத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெறுவது 56ஆம் வயதில்; பணியின் இறுதி ஆண்டுகளில் உள்ள ஆசிரியைகள் அனைவரும் இக்கட்டுரை பேசும் பருவத்தைச் சேர்ந்தவர்களே. குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் ஊர்ப் பெண்கள் ஐயம் கேட்பதும் வழக்கம். அங்கே மாதவிடாய் பற்றிப் பேசும்பொழுது அதன் தொடக்கத்தைமட்டும் கூறி நிறுத்தாமல் முடிவையும் கூறினால், கேட்போர் தம் தாய்மாரிடம் சென்று வினவுவர்.

அனுப்பும் சீட்டில் சில செய்திகளைக் குறித்துவிட்டால் மருத்துவரின் வேலை பாதியாகும்: விடாய் நின்ற ஆண்டு, உதிரம் முதலில் கண்ட நாள், இது முதன்முறையா மறுமுறையா என்பது, உட்கொள்ளும் மருந்துகள், நீரிழிவு, உறவினருள் கருப்பை, பெருங்குடல், மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய் கண்டவர் உண்டா என்னும் விவரம். பெருங்குடலைக் கேட்பது வியப்பாகத் தோன்றலாம். லிஞ்ச் நோய்க்கூறு என்னும் மரபுக் குறைபாடுள்ள குடும்பங்களில் பெருங்குடற் புற்றும் கருப்பைப் புற்றும் சேர்ந்தே வருகின்றன. அத்தகைய பெண்களுக்கு ஐம்பது வயதுக்கு முன்பேகூட இந்நோய் தோன்றும்.

உதிரத்தை உடனே நிறுத்தும் மாத்திரைகள் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. அவற்றால் உதிரம் நிற்கும், காரணம் நிற்காது. சீட்டில் ‘மாத்திரை உண்டபின் நின்றுவிட்டது’ என்று கண்டாலும் பரிசோதனையை ஒத்திவைக்கலாகாது. இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. ‘வயதாகிவிட்டது, இனிக் கருப்பை எதற்கு’ என்று, திசு எதையும் சோதியாமலே கருப்பையை அகற்றிவிடுவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. பின்னர் அக்கருப்பையில் புற்று இருந்ததாகத் தெரியவந்தால், முதல் அறுவையிலேயே செய்திருக்கவேண்டிய பிற பரிசோதனைகளுக்காக இரண்டாம் அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படும். கருப்பை வாய்ப் புற்றாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும். அதற்குரிய அறுவையே வேறு. ஆகவே, அறுவைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்த பெண்ணிடம் களப்பணியாளர் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: ‘உள்ளிருந்து சதை எடுத்துச் சோதித்தார்களா? அந்தத் தாள் எங்கே?’